அப்பாவின் அளவு நோட்டு

என் அப்பா புதுமண்டபத்தில் தையல்காரராக இருந்தவர். மதுரைக்காரர்களிடம் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, தெருவைக் கடந்தால் இருப்பதுதான் புதுமண்டபம். 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர், சாமிக்கு வசந்த விழா நடத்துவதற்காகக் கட்டியது. மொத்தம் 124 தூண்கள். நான் பிள்ளையாக இருந்த காலத்தில் அந்தத் தூண்களுக்கு நடுவே பாத்திரக்கடை, வளையல்கடை, குங்குமக்கடை, பெரிய எழுத்துக் கதைப் புத்தகமும் வாய்ப்பாடும் விற்கிற கடை எல்லாம் இருந்தன. அவற்றோடு வரிசையாகத் தையல் மெஷின்கள். ஒரு பக்கம் கல்லில் ராவணன் கயிலாயத்தைத் தூக்கிக்கொண்டு நிற்பான். அவன் காலடியில் ஒருவர் உட்கார்ந்து அம்மன் பாவாடைக்கு நாடா கோத்துக்கொண்டிருப்பார்.

அப்பாவின் மெஷினில் இருந்து நிமிர்ந்தால் கல்யானை தெரியும். பாண்டியன் நீட்டிய கரும்பைக் கல்யானை வாங்கித் தின்ற திருவிளையாடல். கரும்போடு விடாமல் ராஜா கழுத்து முத்துமாலையையும் அது பறித்துக்கொண்டதாம். பாடப் புத்தகத்தில் அந்தக் கதை வருவதற்கு ரொம்ப முன்பே எனக்கு அது தெரியும். மெஷின்காரர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தத் தூணில் சாய்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவேன். வெயில் காலத்தில் அந்தக் கல் அவ்வளவு குளிர்ச்சியாக இருக்கும்.

மண்டபத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தால் அது தனிக்கதையாகிவிடும். அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த சில பொருட்களைப் பற்றித்தான் இன்றைக்கு எழுத நினைத்தேன். பீரோவில் ஒரு ஒட்டுத்துணிப் பை வைத்திருக்கிறேன். தேரில் தொங்கவிடும் தொம்பை தைக்கும்போது விழுகிற துண்டுகளைச் சேர்த்து அம்மா தைத்த பை. அதற்குள் அப்பாவின் அளவு நோட்டு ஒன்று, பட்டன் கோத்த கயிறு, ரயில் டிக்கெட், அப்புறம் ஒரு சின்னச் சிவப்புச் சல்லடம், சாமி வேடத்துக்குக் கட்டுகிற முழங்கால் வரையான கால்சட்டை. மனசு சரியில்லாத நாளில் தனியாக உட்கார்ந்து இதையெல்லாம் எடுத்துப் பார்க்கிற ஆள் இல்லை நான். வீடு நிறைய ஆள் இருக்கும்போது, பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்திருக்கும்போதுதான் எடுப்பேன். சந்தோஷத்துக்கென்று வைத்திருக்கிற பொருளைச் சந்தோஷமான நாளில் எடுப்பதுதான் அதற்கு மரியாதை என்பது என் எண்ணம்.

நோட்டில் இருந்து தொடங்குகிறேன். சிவப்புத் துணி ஒட்டிய கெட்டி அட்டை, நீளவாக்கில் திறக்கும் கணக்கு நோட்டு. முன்பக்கம் எல்லாம் வாடிக்கையாளர்களின் அளவு. அப்பா ஆள் பெயரை எழுதுவது அபூர்வம். ஊர்ப் பெயர்தான் தலைப்பு. ‘நத்தம், மீசைக்காரர்’ என்று ஒரு பக்கம். ‘மேலூர், அண்ணன் தம்பி மூணு பேர்’ என்று இன்னொன்று. ‘மானாமதுரை, போன வருசம் வந்தவர், இப்ப வயிறு கூடியிருக்கு’ என்றுகூட ஒன்று இருக்கிறது. சில பக்கங்களில் துணி மாதிரிக்கு ஒரு துண்டைக் குண்டூசியால் குத்தி வைத்திருப்பார். குண்டூசியின் துரு மறுபக்கத் தாள் வரை இறங்கிப் பழுப்புப் புள்ளியாக நிற்கிறது. சாட்டின் துண்டின் நிறம் மட்டும் அப்படியே இருக்கிறது, நோட்டு மூடியே கிடந்ததால்.

நோட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பின்னட்டையில் இருந்து திறந்தால் அது எங்கள் பக்கம். இடது பத்தியில் ‘பாப்பா’, வலது பத்தியில் ‘தம்பி’. வருடத்துக்கு இரண்டு தடவை அளவெடுப்பார். சித்திரைத் திருவிழாத் துணிக்காகப் பங்குனியில் ஒன்று, தீபாவளித் துணிக்காகப் புரட்டாசி கடைசியில் ஒன்று.

முதல் வரி 1980 பங்குனி. பாப்பா: உயரம் 24, மார்பு 22, இடுப்பு 21. இது கவுன் உயரம், தோளில் இருந்து முழங்கால் வரை. அதே வருடம் புரட்டாசியில் 25. அடுத்த பங்குனியில் 26 என்று எழுதி, பக்கத்தில் ‘வளர்த்தி’ என்று ஒரு சொல். அதற்குக் கீழே ஒரு கோடு.

எங்கள் வீட்டில் கேமரா கிடையாது. ஸ்டூடியோவுக்குப் போய் எடுத்த போட்டோ ஏதோ ஒன்றிரண்டு உண்டு, அதிலும் நான் முறைத்துக்கொண்டுதான் நிற்கிறேன். நான் எப்படி வளர்ந்தேன் என்று எனக்குக் காட்டுவது இந்தப் பத்திதான். மகளின் கவுன் இரண்டு இஞ்ச் இறங்கியதை அப்பா கவனித்திருக்கிறார், எழுதி வைத்திருக்கிறார், அடிக்கோடும் போட்டிருக்கிறார். திருவிழா நெருக்கடியில், வாடிக்கையாளர்கள் தலைக்கு மேல் நிற்கும்போது அந்தக் கோட்டைப் போட்டிருக்கிறார். அந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு முகம் மலர்ந்துவிடும். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அது மாறவில்லை.

அளவெடுக்கும் நாள் எங்களுக்குப் பெரிய நாள். அப்பாவின் டேப் அறுபது இஞ்ச் மெழுகுத்துணி டேப். முதல் இஞ்ச் தேய்ந்து நைந்து நூலாகிவிட்டது. புது டேப் வாங்க மாட்டார். ஒன்று என்ற கோட்டில் பிடித்து அளந்து, கடைசியில் ஒன்றைக் கழித்துச் சொல்வார். “இருபத்தஞ்சு, கழிச்சா இருபத்துநாலு, எழுதிக்க.” பக்கத்து மெஷின் சித்தப்பா எழுதிக்கொள்வார். சொந்தச் சித்தப்பா இல்லை, புதுமண்டபத்தில் அப்பாவோடு வேலை பார்த்த எல்லாருமே எங்களுக்குச் சித்தப்பா, பெரியப்பாதான். “கையைத் தூக்கு தாயி. மூச்சை இழுத்துப் பிடிக்காத, சும்மா நில்லு.” கழுத்துக்குப் பின்னால் டேப்பை ஓட்டும்போது கூச்சம் தாங்காது, நெளிவேன். தம்பி உயரமாகக் காட்டுவதற்குக் குதிகாலை எக்குவான். அப்பா கீழே குனிய மாட்டார், தன் கால் பெருவிரலால் அவன் பாதத்தை மெல்ல அமுக்குவார். டேப்பில் இருந்து கண் எடுக்காமலேயே.

அப்பா துணி வாங்குவது மீட்டரில், அளப்பது இஞ்சில், வாய்க்கணக்கு கெஜத்தில். “அரைக்கால் கெஜம் மிஞ்சும், பாப்பாவுக்கு பார்டர் வச்சிரலாம்” என்பார். அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று, ஒரு கெஜம் முப்பத்தாறு இஞ்ச், அப்படியானால் நாலரை இஞ்ச். இந்தக் கணக்கை நான் வாய்ப்பாட்டில் படிக்கவில்லை. என் பாவாடையின் ஓரத்தில்தான் படித்தேன்.

எங்கள் பத்திகளின் ஓரத்தில் வேறு கணக்குகளும் ஏறியிருக்கின்றன. 1981 ஜனவரியில் ஐந்தாவது உலகத் தமிழ் மாநாடு மதுரையில் நடந்தது. ஊரே தோரணமும் வளைவுமாக இருந்தது. அந்த மார்கழியில் என் அளவுக்குப் பக்கத்திலேயே ‘கொடித்துணி’ என்று எழுதி மீட்டர் கணக்குப் போட்டிருக்கிறார். மாநாட்டில் எனக்கு ஞாபகம் இருப்பது அப்பாவின் தோள் மேல் இருந்து பார்த்த தலைகள்தான், கண்ணுக்கு எட்டிய வரை தலைகள். மாநாடு முடிந்த பிறகு மிச்சத் துணியில் எனக்கு ஒரு பாவாடை வந்தது. அதைப் போட்டுக்கொண்டு சிம்மக்கல்லில் எங்கள் காம்பவுண்டு முழுக்கச் சுற்றி வந்தேன். எட்டு வீட்டுக்கும் ஒரே கிணறு, ஒரே முற்றம். ஒரு வீட்டில் புதுத்துணி என்றால் எல்லா வீட்டு வாசலிலும் போய்க் காட்டியாக வேண்டும்.

பட்டன் கயிற்றைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை. தரையில் விழுகிற ஒற்றைப் பட்டன்களைப் பொறுக்கி நான் கோத்தது. சிப்பிப் பட்டன், கால்சட்டைப் பட்டன், எந்தச் சட்டையில் இருந்தோ வந்த பித்தளைப் பட்டன் ஒன்று. இப்போது என் பேத்தி அதை வைத்துத்தான் எண்ணப் பழகுகிறாள்.

ரயில் டிக்கெட் அம்மாச்சி ஊருக்குப் போனது. மதுரையில் இருந்து போடிக்கு அப்போது மீட்டர்கேஜ் பாதை, நாங்கள் உசிலம்பட்டியில் இறங்குவோம். டிக்கெட் என்றால் கெட்டி அட்டை. இரண்டே கால் இஞ்ச் நீளம், அப்பாவின் டேப்பிலேயே அளந்து பார்த்திருக்கிறேன். கவுண்ட்டரில் அந்த அட்டையைத் தேதி அடிக்கும் மெஷினில் நுழைத்து எடுக்கும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும், அதைக் கேட்டால்தான் ஊருக்குப் போகிறோம் என்று எனக்கு உறுதியாகும். இறங்கும் ஊரில் வாசலில் டிக்கெட்டைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். ஒரு தடவை நான் கையை இறுக்கி மூடிக்கொண்டதைப் பார்த்துவிட்டு, அங்கே நின்றவர் “வச்சுக்க பாப்பா” என்று விட்டுவிட்டார். அப்படி வந்ததுதான் இது. 2010 கடைசியில் அந்தப் பாதையில் வண்டி நின்றது. அகலப்பாதையாக மாற்றி 2022 மே மாதம் தேனி வரைக்கும், 2023 ஜூனில் போடி வரைக்கும் மறுபடி விட்டார்கள். தேனி வண்டி விட்ட புதிதில் அப்பாவையும் அம்மாவையும் உசிலம்பட்டி வரை கூட்டிப்போனேன். அம்மாவுக்கு ஜன்னலோரம் கிடைத்தது. நாகமலை தெரிய ஆரம்பித்ததில் இருந்து உசிலம்பட்டி வரும் வரை அம்மா பேச்சை நிறுத்தவே இல்லை. அந்தப் பழைய அட்டையைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசினாள்.

சல்லடத்துக்கு வருகிறேன். பையில் இருப்பதிலேயே எனக்கு ஒசத்தி அதுதான்.

பங்குனி பிறந்தால் புதுமண்டபத்தின் நடையே மாறிவிடும். சித்ரா பௌர்ணமியன்று அழகர் தங்கக் குதிரையில் வைகை ஆற்றில் இறங்குவார். அதற்கு நேர்த்திக்கடன் இருப்பவர்கள் வேடம் கட்டுவார்கள். திரி எடுத்து ஆடுகிறவர்கள் ஒரு வகை. வெயிலில் வருகிற சாமி குளிர்வதற்காகத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் இன்னொரு வகை. அவர்கள் தோளில் தோப்பறை தொங்கும், ஆட்டுத்தோலில் செய்த தண்ணீர்ப் பை. அரிவாளோடு கருப்பணசாமியாக வருகிறவர்களும் உண்டு. இவர்களுக்கு முழங்கால் வரை வரும் சல்லடம், மேல்சட்டை, இடுப்புக் கச்சை, தலைக்கு உருமால் எல்லாம் தைத்துக் கொடுப்பது புதுமண்டபத்து வேலை. சுற்றியுள்ள ஊர்களில் இருந்து வேன் பிடித்தும் பஸ் ஏறியும் வந்துகொண்டே இருப்பார்கள். வெல்வெட்டும் சாட்டினும் மூட்டை மூட்டையாக இறங்கும். ராத்திரி பத்து, பதினொன்று வரைக்கும் மெஷின் ஓடும். அத்தனை மெஷின் ஒரே நேரத்தில் மிதிபடும்போது அந்தக் கல்மண்டபத்துக்குள் மழை அடித்துப் பெய்வது போல இருக்கும்.

அம்மா தூக்குவாளியில் சாப்பாடு கொண்டு வருவாள், நானும் தம்பியும் பின்னாலேயே போவோம். சாப்பிட்டு முடித்ததும் எழுகடல் தெருப் பக்கம் பருத்திப்பால் வண்டி வரும். பருத்திக்கொட்டைப் பாலில் கருப்பட்டி போட்டுக் காய்ச்சி, சுக்கு தட்டிப் போட்டு, மேலே தேங்காய்ப்பூ தூவித் தருவார்கள். அப்பா ஒரு கையால் டம்ளரைப் பிடித்துக்கொண்டு மறுகையால் துணியை மெஷினுக்குள் தள்ளிக்கொண்டிருப்பார். ஜிகர்தண்டாவைப் பற்றி ஊர் உலகமே பேசுகிறது, பேசட்டும். மதுரையில் என் முதல் ஓட்டு பருத்திப்பாலுக்குத்தான்.

தம்பிக்கு மூன்று வயதில் அம்மை போட்டது. குணமானால் அழகருக்கு வேடம் கட்டி அழைத்து வருவதாக அப்பத்தா வேண்டிக்கொண்டது. 1980 சித்திரைத் திருவிழாவுக்காகப் பங்குனியிலேயே அவனுக்குச் சல்லடம் தைக்க அப்பா துணி எடுத்தார். எனக்கும் வேண்டும் என்று நான் மெஷின் மிதியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பெண் பிள்ளைகளுக்கு மீனாட்சி அலங்காரம் செய்வதுதான் வழக்கம், பச்சைப் பாவாடை, கையில் கிளி. அப்பத்தாவும் அதைத்தான் சொன்னது.

“பொம்பளப் புள்ளைக்கு எதுக்குடா சல்லடம்?”

“சாமிக்கு முன்னாடி எல்லாம் புள்ளைதான் ஆத்தா” என்று சொல்லிவிட்டு அப்பா டேப்பை எடுத்தார். நோட்டில் இருக்கிற அந்த 24, 22, 21 எல்லாம் அன்றைக்கு எடுத்த அளவுதான்.

எனக்கென்று தனியாகத் துணி வாங்கவில்லை. அந்தச் சீசனில் வெட்டி விழுந்த துண்டுகளில் இருந்துதான் என் சல்லடம் முழுவதும். உடம்புக்குச் சிவப்பு சாட்டின். காலின் அடியில் மூன்று பட்டை, மஞ்சள், பச்சை, மறுபடியும் மஞ்சள். உற்றுப் பார்த்தால் எந்தப் பட்டையும் ஒரே துண்டு இல்லை. மஞ்சள் பட்டையில் நாலு இடத்தில் ஒட்டு. ஒட்டுத் தெரியாமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் குறுக்கே சரிகை வைத்து அடித்திருக்கிறார். ஒட்டு விழுந்த இடம் எல்லாம் ஒரே இடைவெளியில் வருகிற மாதிரி துண்டுகளை முன்கூட்டியே வெட்டியிருக்கிறார். அதனால் பார்க்கிறவர்களுக்கு அது யோசித்துப் போட்ட டிசைனாகத்தான் தெரியும். வாடிக்கையாளர்களுக்குத் தைத்ததில்கூட இவ்வளவு வேலை இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. நாடா நுழையும் வாயில் கையாலேயே காஜா எடுத்திருக்கிறார். அம்மா உட்கார்ந்து ஓரத்தில் சின்னச் சின்ன மஞ்சள் குஞ்சம் கட்டினாள். இரண்டு குஞ்சம் இப்போது இல்லை, மற்றது எல்லாம் இருக்கிறது.

அழகர் இறங்குகிற அன்றைக்கு விடிவதற்கு முன்பே கிளம்பினோம். சிம்மக்கல்லில் இருந்து யானைக்கல் நடக்கிற தூரம்தான். தெரு முழுக்க ஒரே நீரோட்டமாகச் சனம். வைகை அணையில் இருந்து திறந்துவிட்ட தண்ணீர் ஆற்றில் ஓடியது, என் முட்டி அளவு. ஈர மணலில் வெறுங்காலோடு நின்றேன். சலங்கைச் சத்தம், ‘கோவிந்தா’ சத்தம், திரி எரிகிற எண்ணெய் வாசம், மல்லிகைப்பூ வாசம். அம்மா கையில் சர்க்கரைச் செம்பு, வாயை வாழையிலையால் கட்டி மேலே சூடம் ஏற்றியிருந்தாள். அப்பா இரண்டு பேரையும் மாறி மாறித் தோளில் தூக்கினார். கோரிப்பாளையம் பக்கம் இருந்து குதிரை வருகிறது என்று எல்லாரும் எக்கினார்கள். என்ன பட்டு உடுத்தி வருகிறார் என்பதுதான் அத்தனை பேருக்கும் கேள்வி. பச்சைப் பட்டு என்றால் அந்த வருடம் மழையும் விளைச்சலும் நன்றாக இருக்கும் என்று நம்பிக்கை. கூட்டத்தில் யாரோ “பச்சை! பச்சை!” என்று கத்தினார்கள். அப்பாவின் தோளில் இருந்த நானும் கத்தினேன். அதே நேரம் தோப்பறைக்காரர் ஒருவர் பீய்ச்சிய தண்ணீர் எங்கள் மேல் விழுந்தது. சல்லடம் நனைந்து காலோடு ஒட்டிக்கொண்டது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, “அட, நம்ம அழகரு!” என்று மறுபடியும் ஒரு பீச்சு பீச்சினார். அவர் கட்டியிருந்த சல்லடம் அப்பா தைத்தது. மூன்று பட்டையை வைத்து நான் கண்டுபிடித்துவிட்டேன்.

இப்போது சிலர் மோட்டார் வைத்துத் தண்ணீரை அடிக்கிறார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. தோல்பையில் இருந்து வருகிற தண்ணீர் மெல்லிசாகத் தூவும், சாமிக்கும் இதமாக இருக்கும், பிள்ளைகளுக்கும் இதமாக இருக்கும். நாற்பத்தைந்து வருடம் கழித்தும் கன்னத்தில் அந்தக் குளிர்ச்சி எனக்கு நினைவிருக்கிறது.

போன பங்குனியில் என் மகள் தன் பிள்ளையோடு வந்திருந்தாள். பேத்திக்கு ஐந்து வயது. பையைக் கொட்டினோம். சல்லடத்தைப் பார்த்ததும் “அம்மாச்சி, இது எனக்கு” என்று எடுத்துக்கொண்டாள். போட்டுப் பார்த்தால் இடுப்பு ஏறவில்லை, நீளமும் குட்டை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் வளர்த்தி அப்படி. இது பழசு, பத்திரமாக இருக்கட்டும், அவளுக்குப் புதுசு வாங்கிக்கொள்ளலாம் என்று மகள் சொன்னாள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உடுத்துவதற்கென்று தைத்த துணி உடுத்தப்பட வேண்டும்.

அப்பா கட்டிலில் இருந்து கையை நீட்டினார். அவருக்கு எண்பதை நெருங்குகிறது, கண் முன்போல இல்லை, ஊசி கோக்க முடியாது. துணியை வாங்கி உள்பக்கம் திருப்பி, கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் வைத்துத் தையல் ஓரத்தை உருட்டிப் பார்த்தார்.

“உள்ள துணி விட்டிருக்கேன் பாப்பா. இடுப்புல ரெண்டு பக்கமும் ஒன்றரை ஒன்றரை இஞ்ச். கீழ ரெண்டு இஞ்ச் மடிப்பு. பிரிச்சுப் பாரு.”

பிள்ளைகளுக்குத் தைக்கிற எந்தத் துணியிலும் தையல்காரர்கள் உள்ளே துணி விட்டுத்தான் தைப்பார்கள். பிள்ளை வளர வளரப் பிரித்துவிட்டு இன்னும் இரண்டு மூன்று வருடம் ஓட்டலாம். மிச்சத் துண்டில் தைத்ததில்கூட, ஒட்டுப்போட்டுத் துணி திரட்டிய அந்தச் சல்லடத்தில்கூட, அப்பா அதை விட்டிருக்கிறார். அடுத்த வருடம் எனக்குப் பட்டுப்பாவாடை ஆசை வந்துவிட்டது, சல்லடம் கேட்கவில்லை. அதனால் யாரும் அதைப் பிரிக்கவே இல்லை.

வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து பிளேடு முனையால் ஒவ்வொரு தையலாக எடுத்தேன். நூல் இற்றுப்போயிருந்தது, இழுத்ததும் பொடியாக வந்தது. மடிப்பு விரிந்தபோது மகள் “அம்மா!” என்றாள். வெளியே தெரிந்த சாட்டின் இத்தனை வருடத்தில் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. உள்ளே இருந்த இரண்டு இஞ்ச் அப்படியே குங்குமச் சிவப்பு. அதற்கும் இதற்கும் நடுவில் பழைய ஊசித் துளைகள் ஒரே நேர்கோடாக ஓடின. கடையில் கட்டிலிருந்து வெட்டி வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படி ஒரு சிவப்பு. அப்பாவின் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டினேன். “சாயம் நல்ல சாயம்” என்றார். அவருக்கு அதில் அவ்வளவு பெருமை.

தையலை நானே போட்டேன். அப்பாவின் பழைய மெஷின் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது, மிதிமெஷின், எண்ணெய் விட்டால் இன்னும் ஓடுகிறது. அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சத்தத்தை வைத்தே சொன்னார்: “அங்கிட்டு இழுக்காத, துணி தானாப் போகும்.” பேத்தியை நிற்க வைத்து அந்தத் தேய்ந்த டேப்பால் அளந்தோம். ஒன்றைக் கழித்து அப்பா சொன்னார், நான் நோட்டில் எழுதினேன். எங்கள் பத்தி எப்போதோ முடிந்துபோயிருந்தது, அதற்குக் கீழே இடம் இருந்தது. அவள் நெளிந்தாள். அப்பா “மூச்சை இழுத்துப் பிடிக்காத தாயி” என்றார். நானும் மகளும் சிரித்துவிட்டோம், அப்பாவுக்கு ஏன் என்று புரியவில்லை.

சித்திரையில் பேத்தி அதைக் கட்டிக்கொண்டு ஆற்றுக்கு வந்தாள். இரண்டு நிறச் சிவப்போடு அது முன்னைவிட அழகாக இருந்தது என்றுதான் சொல்வேன். வழியில் இரண்டு மூன்று பேர் நிறுத்தி, எங்கே தைத்தீர்கள் என்று கேட்டார்கள். புதுமண்டபத்தில் என்று சொன்னேன்.

இப்போது அங்கே கடைகள் இல்லை. சில வருடங்களுக்கு முன்பு எல்லாரையும் பக்கத்தில் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். கடைக்காரர்களுக்கு அது லேசான காரியமாக இல்லை, வியாபாரம் ஒரு இடத்தில் வேர்விட்டால் பிடுங்கி நடுவது கஷ்டம். ஆனால் கல்லுக்கு நல்லது. அப்பாவும் அதைத்தான் சொல்கிறார். எத்தனை வருடப் புகையும் எண்ணெயும் அந்தச் சிலைகள் மேல் ஏறியிருந்தது என்று அவருக்குத்தான் தெரியும். ஒரு நாள் ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போனேன். கிழக்குக் கோபுரத்துப் பக்கம் நின்று வெளியில் இருந்தே பார்த்தோம். எந்தத் தூண் பக்கம் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று விரலை நீட்டி வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். காஜா எடுப்பதில் யார் கெட்டிக்காரர், யாருடைய கத்தரிக்கோலை யாரும் தொடக் கூடாது, யார் பாட்டுப் பாடிக்கொண்டே தைப்பார் என்று. அப்புறம் குன்னத்தூர் சத்திரத்துக்குள் போனோம். அங்கே இருந்த இளவயதுத் தையல்காரர் ஒருவர் எழுந்து அப்பாவுக்கு நாற்காலி போட்டார். அவருடைய அப்பாவும் எங்கள் சித்தப்பாக்களில் ஒருவர். டீ வாங்கிக் கொடுத்தார். அரை மணி நேரம் சாட்டின் விலையைப் பற்றியே இரண்டு பேரும் பேசினார்கள்.

சல்லடத்தின் இடுப்பில் பேத்திக்காகப் பக்கத்துக்கு ஒரு இஞ்ச்தான் பிரித்தேன், இன்னும் அரை அரை இஞ்ச் உள்ளே இருக்கிறது. இரண்டு குஞ்சம் கட்ட வேண்டும், அதே மஞ்சளில் நூல் கிடைக்கிறதா என்று குன்னத்தூர் சத்திரத்துத் தையல்காரத் தம்பியிடம் கேட்டிருக்கிறேன், பார்த்து வைக்கிறேன் என்றிருக்கிறார். பேத்தி அடுத்த சித்திரைக்குத் தனக்குத் தோப்பறையும் வேண்டும் என்று போனில் தினமும் ஞாபகப்படுத்துகிறாள். அவள் தோளுக்கு ஏற்ற சின்னத் தோப்பறை எங்கே செய்து தருவார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.